பழைய காருக்கு மூன்றாவது பிரேக் லைட்: வயரை எங்கே தொடுவது?

கேள்வி: 1950களின் கடைசியில் தயாரான பிரிட்டிஷ் செடான் கார் வைத்திருக்கிறேன். 12 வோல்ட் பேட்டரி. பிரேக் லைட்டுகள் எலுமிச்சம்பழ அளவுதான். அதுவும் பம்பரை ஒட்டித் தாழ்வாக இருக்கின்றன. பின் கண்ணாடியில் வைக்க ஒரு எல்.இ.டி. பட்டை வாங்கினேன். அதன் சிவப்பு வயரை இடது பிரேக் லைட் வயரிலும் கறுப்பு வயரை பாடியிலும் கொடுத்தால் எரியவில்லை. மாற்றிக் கொடுத்தால் எரிகிறது. ஆனால் இடது இன்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து சிமிட்டுகிறது. கோளாறு பட்டையிலா, காரிலா? காரில் ஓட்டை போடாமல் மாட்ட முடியுமா?

பதில்: கோளாறு இரண்டிலும் இல்லை. தெரியாமலே நல்ல சோதனை ஒன்று செய்திருக்கிறீர்கள். உங்கள் கார் பாசிட்டிவ் எர்த் என்பதும், பிரேக்குக்கும் இன்டிகேட்டருக்கும் அதன் பின் பல்பில் ஒரே இழைதான் என்பதும் அந்தச் சோதனையிலேயே தெரிந்துவிட்டன. மீதி வேலை இந்த இரண்டையும் வைத்துத்தான்.

முதலில் எர்த். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியோடு இணைத்திருப்பார்கள். சாதாரண பல்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை, எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் எரியும். எல்.இ.டி. அப்படியில்லை, ஒரு திசையில்தான் எரியும். ஆகவே உங்கள் காரில் பட்டையின் சிவப்பு வயர் பாடிக்கு, கறுப்பு வயர் பிரேக் வயருக்கு. பார்க்கத் தலைகீழாகத் தோன்றும், அதுதான் சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டையின் உறை உலோகமாக இருந்தால், அது உள்ளே கறுப்பு வயரோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். இணைந்திருந்து, அந்த உறை காரின் பாடியிலும் பட்டால், பிரேக் மிதித்தவுடன் நேரடி ஷார்ட். பிளாஸ்டிக் உறையுள்ள பட்டை என்றால் இந்தத் தலைவலி இல்லை. மாட்டி முடித்ததும் வயரில் ‘பாசிட்டிவ் எர்த்’ என்று ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள். பின்னாளில் யாராவது காரை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால், விளக்கு ஏன் செத்துப்போனது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி சிமிட்டல். உங்கள் கார் வந்த காலத்துக் கார்கள் சிலவற்றில் ஆரஞ்சு நிற இன்டிகேட்டர் பின்னால் தனியாக இருக்காது. பிரேக்குக்கு எரியும் அதே சிவப்பு இழையே திரும்பும்போது சிமிட்டும். அமெரிக்கக் கார்களில் பலவும் இதே வழக்கம்தான்; அவற்றில் இந்த மாற்றத்தை இன்டிகேட்டர் சுவிட்ச் செய்துவிடும். பிரிட்டிஷ் கார்களில் இதற்கென்றே லூகாஸ் கம்பெனியின் டிபி10 என்று ஒரு ரிலே (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) பெட்டி உண்டு. பிரேக் சுவிட்சிலிருந்து கரண்ட் இந்தப் பெட்டிக்கு வரும். அங்கிருந்து இடது, வலது என்று பிரியும். இடது இன்டிகேட்டர் போட்டால் பெட்டி இடது விளக்கை பிரேக் வயரிலிருந்து பிரித்து, சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரோடு சேர்த்துவிடும். நீங்கள் தொட்டது பெட்டியைத் தாண்டிய வயர். அது சிமிட்டாமல் என்ன செய்யும்? பிரேக் மிதித்துக்கொண்டே இடதுபுறம் திரும்பினால், நிலையாக எரிய வேண்டிய மூன்றாவது விளக்கும் இன்டிகேட்டர் மாதிரி விட்டுவிட்டு எரியும். பின்னால் வருபவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

‘இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு டயோடு (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் பாகம்) போட்டு எடுத்தால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. பிரேக் மிதிக்காமல் இன்டிகேட்டர் போட்டால், எந்தப் பக்கம் சிமிட்டினாலும் மூன்றாவது விளக்கும் சிமிட்டத்தான் செய்யும். டயோடும் இல்லாமல் இரண்டு வயர்களையும் சேர்த்து முறுக்கினால் இன்னும் மோசம்: இடதுக்கு இன்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து சிமிட்டும்.

வயரைத் தொட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான்: பிரேக் சுவிட்சிலிருந்து வெளியே வரும் வயர், ரிலே பெட்டியை அடைவதற்கு முன். லூகாஸ் வயரிங்கில் சுவிட்சுக்குள் போவது பச்சை. வெளியே வருவது பச்சையில் ஊதாக் கோடு. ஆனால் அறுபது வருஷத்துத் தூசியில் ஊதாவும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பாடியிலும் (உங்கள் கார் பாசிட்டிவ் எர்த், மறக்க வேண்டாம்) கறுப்பு முனையை அந்த வயரிலும் வையுங்கள். இக்னிஷனைப் போட்டு, பெடலை மிதிக்கும்போது மட்டும் 12 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். மிதித்தபடியே இன்டிகேட்டரையும் போடுங்கள். முள் ஆடாமல் நின்றால் அதுதான் உங்கள் வயர்.

சுவிட்ச் வரை வந்துவிட்டோம், அதையும் கொஞ்சம் பாருங்கள். மூன்றாவது விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் சுவிட்ச் சொல்லும்போதுதான் எரியும். உங்கள் கார் வந்த காலத்துக் கார்களில் பெரும்பாலும் இந்த சுவிட்ச் பெடலில் இருக்காது. பிரேக் ஆயில் குழாயில் திருகிய ஹைட்ராலிக் சுவிட்சாக இருக்கும். குழாயில் ஓரளவு அழுத்தம் ஏறினால்தான் அதன் உள்ளே தொடுமுனைகள் சேரும். புதிதாக இருக்கும்போது லேசான அழுத்தமே போதும். தேய்ந்துபோனால் பெடலை நன்றாக மிதித்தால்தான் விளக்கு எரியும். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் ஓட்டும்போது பின்னால் ஒரு வெளிச்சமும் இருக்காது, நமக்கோ அது தெரியாது. ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி, பெடலை மெல்ல, மிக மெல்ல மிதித்துப் பாருங்கள். கார் இழுத்துப் பிடிக்கும் அளவுக்கு மிதித்த பிறகுதான் எரிகிறது என்றால் முதல் செலவு புது சுவிட்ச். இன்னொரு வழியும் உண்டு: பெடல் கையில் ஒரு சின்ன மெக்கானிக்கல் சுவிட்சைப் பொருத்தி, பழைய சுவிட்சுக்கு இணையாக வயர் கொடுப்பது. பெடல் அசைந்தாலே எரியும். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றும். என் கைக்கு வரும் ஹைட்ராலிக் சுவிட்ச் கார்களில் எல்லாம் நான் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

நீங்கள் எல்.இ.டி. வாங்கியது நல்லதாகப் போயிற்று. இப்போது இருக்கும் இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கின்றன. மூன்றாவதாக இன்னொரு 21 வாட் பல்பு போட்டிருந்தால் சுவிட்சின் சுமை ஒரேயடியாகப் பாதி கூடியிருக்கும். பழைய தொடுமுனை கருகிப்போக அது போதும். அப்போது ரிலே வைத்தே ஆக வேண்டும். எல்.இ.டி. பட்டை இழுப்பது கால் ஆம்பியர்கூட இருக்காது. ரிலே வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சம் வர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும்; எல்.இ.டி. உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவர் அந்த 0.2 வினாடியில் நான்கு மீட்டருக்கு மேல் வந்துவிடுவார்.

6 வோல்ட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 12 வோல்ட் பட்டை அதில் எரியாது. 6 வோல்ட்டுக்கென்றே செய்த பட்டையைத் தேடுங்கள்.

வயர் இழுப்பது பொறுமையான வேலை, கடினமான வேலை இல்லை. 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். பழைய வயர்க் கட்டோடு சேர்த்து, கதவு ஓரத்துக் கம்பளத்துக்கு அடியில் பின்னால் கொண்டுபோகலாம். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையையே பயன்படுத்துங்கள். ரப்பர் வளையம் இல்லாமல் விடாதீர்கள். எடுக்கும் இடத்திலேயே, அதாவது சுவிட்சுக்குப் பக்கத்தில், 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வயரில் சேர்த்துவிடுங்கள். காரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்பீர்கள். அந்தக் காலத்து லூகாஸ் ஃபியூஸில் 35 என்று போட்டிருக்கும். அது உருகுவதற்குள் உங்கள் மெல்லிய வயர் கம்பளத்தோடு சேர்ந்து புகைந்துவிடும்.

இணைப்புக்கு, வயரின் மேலுறையைக் கிழித்துக் கடித்துக்கொள்ளும் அந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்தில் நானும் அதைப் போட்டவன்தான். இரண்டு மழைக்காலம் கழித்துக் கழற்றிப் பார்த்தபோது செம்பு இழை பச்சைப் பொடியாக உதிர்ந்தது, அதுவும் காரின் ஒரிஜினல் வயரில். லூகாஸ் வயரிங்கில் ஸ்லீவுக்குள் செருகி உருவும் புல்லட் முனைகள் இருப்பதால் வயரை வெட்டவே தேவையில்லை. இரண்டு முனை சேரும் ஸ்லீவைக் கழற்றிவிட்டு நான்கு முனை சேரும் ஸ்லீவைப் போட்டால் காலியாக இருக்கும் இடத்தில் உங்கள் வயர் உட்கார்ந்துவிடும். நாளைக்கு வேண்டாம் என்றால் உருவி எடுத்துவிடலாம். எர்த்துக்கும் தனி வயர் இழுத்து, பெயின்ட் இல்லாத ஏதாவது ஒரு போல்டில் கட்டுங்கள். டிக்கி மூடியில் விளக்கு வைப்பவர்கள் கீலை எர்த்தாக நம்பக் கூடாது. கிரீஸும் துருவும் சேர்ந்து அதை எப்போது வேண்டுமானாலும் அறுத்துவிடும்.

ஓட்டை போடாமல் மாட்ட, கண்ணாடிக்கு உட்புறம்தான் சரி. பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டில், நடுவில், கண்ணாடியை ஒட்டி வையுங்கள். சீட் முதுகைப் பிடிக்கும் போல்டிலேயே ஒரு சின்ன பிராக்கெட்டைக் கட்டலாம். இரட்டைப் பக்க ஃபோம் டேப்பும் தாங்கும், ஆனால் வெயிலில் நிற்கும் காரில் அது ஒருநாள் கழன்று விழும். ஐரோப்பிய விதியின் அளவை வைத்துக்கொண்டால் தப்பில்லை: விளக்கின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 850 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, அல்லது பின் கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கீழே 150 மில்லிமீட்டரைத் தாண்டி இறங்கக் கூடாது. மற்ற இரண்டு பிரேக் லைட்டுகளையும்விட உயரத்தில் இருக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது ராத்திரியில். பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் போதும், பிரேக் மிதித்தவுடன் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஓட்டுநரின் ரியர் வியூ மிரரில் சிவப்புத் திட்டாக விழும். பட்டையைச் சுற்றிக் கறுப்பு ஃபோம் ரப்பரை ஒட்டி, அது கண்ணாடியில் லேசாக அழுந்தும்படி வைத்தால் இது தீரும். பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் அதில் பாதி வெளிச்சம் போய்விடும். விளக்கா ஃபிலிமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிமிட்டும் பிரேக் லைட் என்று சிறு கருவிகளை விற்கிறார்கள். வாங்காதீர்கள். நிலையாக எரிவதுதான் விதி, பல நாடுகளில் சோதனையிலேயே நிற்காது. கூடுதல் விளக்கு பற்றி உங்கள் ஊர் விதியையும் இன்சூரன்ஸையும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை மெனக்கெடலுக்கும் பலன் உண்டா? 1970களில் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் ஃபிரான்சிஸ்கோ டாக்சிகளில் கூடுதல் பிரேக் விளக்கு மாட்டிப் பார்த்தார். பின்னால் மோதுவது பாதிக்கு மேல் குறைந்தது. 1986 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயமானது. ஆனால் எல்லார் காரிலும் வந்து கண் பழகிய பிறகு, 1998இல் அமெரிக்க அரசே கணக்கிட்டபோது பலன் 4.3 சதவீதம்தான். அதைப் பார்த்து யோசிக்க வேண்டாம். அந்தக் கணக்கு நல்ல பிரேக் லைட்டுகள் உள்ள கார்களுக்கு. உங்கள் காரில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே சின்னக் கண்ணாடிக்குள் 5 வாட், 21 வாட் என்று எரிகின்றன. இருட்டில் எது எதுவென்று பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. பிரேக்குக்கு மட்டுமே எரியும் விளக்கில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. கையோடு அந்தச் சின்ன விளக்குகளையும் கழற்றி, உள்ளே மங்கிப்போன பிரதிபலிப்பானைத் துடைத்து, ஹோல்டரின் எர்த்தைத் தேய்த்துவிடுங்கள். அரைமணி வேலை. சில கார்களில் மூன்றாவது விளக்கைவிட இதிலேயே அதிக வெளிச்சம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிச் சோதனையைப் பொழுது சாயும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட் போட்டு, பெடலை மிதித்து, இடமும் வலமுமாக இன்டிகேட்டர் போட்டு, பின்னால் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெடலை விட்டதும் மூன்றும் சேர்ந்து அணைகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்; ஹைட்ராலிக் சுவிட்ச் சில சமயம் ஒட்டிக்கொள்ளும். பச்சை வயர் இக்னிஷன் வழியாக வருவதால் சோதனை முழுக்கச் சாவியைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல், பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனை) மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் கொதித்துவிடும். அதனால் தொடங்கும் முன் காயிலுக்குப் போகும் வயரைக் கழற்றி டேப் சுற்றிவிட்டு, முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள்.