மாடியில ஆன்டெனா, காதுல இரைச்சல்: கேட்ட கேள்விகளும் என் பதிலும்

ரேடியோ ஸ்கேனர் வச்சு அலைவரிசை தேடிக் கேக்குறவங்க அனுப்பி ரெண்டு மாசமா சேந்து கெடந்த கேள்விகளை இன்னைக்கு ஒரே மூச்சுல எடுத்துட்டு உக்காந்திருக்கேன். முக்காவாசிப் பேரு சுத்தி வளைச்சுக் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே எந்த ஆன்டெனா வாங்கட்டும்". வாங்குறது அப்பறம் இருக்கட்டும், உங்களுக்கு சிக்னல் கம்மியா வருதா இல்ல இரைச்சல் கூட வருதான்னு மொதல்ல கண்டுபிடிங்க, ரெண்டுக்கும் காதுல ஒரே மாதிரிதான் "ஸ்ஸ்ஸ்"னு கேக்கும் ஆனா வைத்தியம் வேற வேற. அப்பறம் போலீஸ் வயர்லெஸ் எப்படி பிடிக்கிறதுன்னு கேட்ட தம்பிகளுக்கு இங்க பதில் கெடையாது, நமக்குன்னு அனுப்பாத பேச்சை ஒட்டுக்கேக்குறது வம்பை வெலைக்கு வாங்குற வேலை.

"கை ஸ்கேனரோட வந்த குட்டி ரப்பர் ஆன்டெனாவுல ஹாம் ஆளுங்க (லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோல பேசுறவங்க) பேசுறது ஓரளவு கேக்குது. மூணாவது மாடி மேல நல்ல ஆன்டெனா போட்டு கேபிள் இறக்கினா அதுவும் கேக்கல, எங்க வச்சாலும் ஏதோ பாட்டு மாதிரி கலங்கலா வருது. ஆன்டெனா டூப்ளிகேட்டா?" – விளாங்குடி

ஆன்டெனா நல்லாதான் வேலை செய்யுது சார், அதான் பிரச்சினையே. மதுரைக்குள்ள எஃப்எம் ஸ்டேஷன் எத்தனை இருக்கு பாருங்க, 98.3 மிர்ச்சி, ஆகாசவாணி 103.3, இது போக கொடைக்கானல் மலை மேல இருந்து 100.5, எல்லாம் கிலோவாட் கணக்குல அடிக்கிறது, நீங்க தேடுற ஹாம் ஆளு 144ல இருந்து 146 மெகாஹெர்ட்ஸுக்குள்ள அஞ்சு வாட்டுல பேசுறாரு. ரப்பர் ஆன்டெனாவுல ரெண்டுமே கொஞ்சமா வந்துச்சு, ஸ்கேனர் சமாளிச்சுச்சு. மாடி ஆன்டெனாவுல எஃப்எம் மொத்தமா உள்ள எறங்கவும் ஸ்கேனரோட முன்பக்க சர்க்யூட் தெணறிப்போயி இல்லாத இடத்துலயெல்லாம் பாட்டை உருவாக்கிக் காட்டுது. கல்யாண மண்டபத்துல நாதஸ்வரத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு போன் பேசுற கதைதான்.

சோதிச்சுப் பாக்க காசு செலவில்ல. ஸ்கேனர்ல உள்ள வர்ற சிக்னலைக் கொறைக்கிற அட்டெனுவேட்டர்னு ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போடுங்க. கம்ப்யூட்டர்ல சொருகி ரேடியோவா கேக்குற யூஎஸ்பி டாங்கிள் வச்சிருக்கவங்க கெய்னை, அதாவது சிக்னலைப் பெருக்குற அளவை, கொறைங்க, நம்ம ஆளுங்க எல்லாரும் அதை 49.6ல கொண்டு போயி முட்ட வச்சிட்டுத்தான் கேள்வியே கேக்குறாங்க. கொறைச்சதும் பாட்டு மறைஞ்சு உண்மையான சிக்னல் தெளிஞ்சு வந்தா ஓவர்லோடுதான்னு எழுதி வச்சுக்கங்க. அப்ப வாங்க வேண்டியது ஆம்ப்ளிஃபையர் இல்ல, எஃப்எம் பேண்டை மட்டும் வெட்டுற ஃபில்டர், 88ல இருந்து 108 வரைக்கும் தடுக்கும், ஆன்டெனா கேபிளுக்கும் ஸ்கேனருக்கும் நடுவுல மாட்டணும். இந்த இடத்துல ஆம்ப்ளிஃபையர் வாங்கி மாட்டுறவங்க எரியுற தீயில எண்ணெய ஊத்துறாங்க.

"நைட்டு ஏழு மணிக்கு மேல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது, விடியக்காலம் நல்லா இருக்கு. வானிலையா அண்ணே?" – செல்லூர்

வானிலை இல்ல தம்பி, எல்ஈடி பல்பு. ஏழு மணிக்கு தெருவே லைட்டைப் போடுது. விலை கம்மியான எல்ஈடி பல்பு, மொபைல் சார்ஜர், டிவி பாக்ஸோட அடாப்டர், இன்வெர்ட்டர், சில பிஎல்டிசி ஃபேன், இது எல்லாத்துக்குள்ளயும் கரண்டை வேகமா வெட்டி வெட்டி விடுற சர்க்யூட் இருக்கு, ஃபில்டர் பார்ட்ஸை மிச்சம் பிடிச்சிருந்தா அந்த வெட்டு அப்படியே வயரிங் வழியா காத்துல பரவும். உங்க வீட்டு வயரிங்கே ஒரு பெரிய ஆன்டெனா மாதிரி ஆயிரும்.

லேப்டாப்பை பேட்டரில ஓட்டிக்கிட்டு, இல்லன்னா கை ஸ்கேனரை பேட்டரில வச்சுக்கிட்டு, வீட்டு மெயினை ஆஃப் பண்ணுங்க. இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணணும், அதை மறந்துட்டு "மெயினை ஆஃப் பண்ணியும் போகலை"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. இரைச்சல் சட்டுனு எறங்குச்சுன்னா திருடன் வீட்டுக்குள்ளதான், ஒவ்வொரு எம்சிபியா போட்டுக்கிட்டே வந்தா எந்த ரூம்னு மாட்டிக்குவான். எறங்கலைன்னா பக்கத்து வீடோ தெருவோ, அதுக்கு ஆன்டெனாவை ரோட்டு ஓரத்துல இருந்து தள்ளி வீட்டுப் பின்பக்கம் உசரமா கொண்டு போறதுதான் வழி. எங்க வீட்டுல ஒரு வருஷம் என்னைய ஆட்டி வச்சது பூஜை ரூம்ல எரிஞ்ச ஒரு சின்ன சிவப்பு பல்புங்க, இருபது ரூவா சாமான், வீட்டுல சண்டை போட்டுத்தான் மாத்தினேன். சித்திரைத் திருவிழாவுக்கு தெருவெல்லாம் சீரியல் செட்டு கட்டுற நாள்ல நான் ரேடியோவை தொடுறதே இல்ல.

"டிஷ் கேபிள் மிச்சம் கெடக்கு, அதைப் போடலாமா? 75 ஓம், நம்ம செட்டு 50 ஓம், எல்லாரும் கூடாதுங்கிறாங்க." – திருமங்கலம்

தாராளமா போடுங்க. கேக்க மட்டும் செய்யுற ஆளுக்கு அந்த 75க்கும் 50க்கும் உள்ள பொருத்தமின்மையில போறது நாலு சதவீதம் பவர், காதுக்குத் தெரியவே தெரியாது. கேபிள் தரத்துலதான் நெசமான நட்டம். 20 மீட்டர்னு வச்சுக்கங்க, ஹாம் பேண்டு 145 மெகாஹெர்ட்ஸ்ல மெலிசான ஆர்ஜி-58 கேபிள் சுமாரா 4 டிபி தின்னும், அதாவது ஆன்டெனா பிடிச்சதுல பாதிக்கு மேல வழிலயே போச்சு, டிஷ்ஷுக்குப் போடுற ஆர்ஜி-6 அதுல பாதிகூட தின்னாது. ஃப்ளைட் டிராக் பண்ற 1090 மெகாஹெர்ட்ஸுக்குப் போனீங்கன்னா அதே ஆர்ஜி-58 பன்னெண்டு டிபிக்கு மேல முழுங்கிரும், பத்துல ஒரு பங்குகூட கீழ வராது. அவனியாபுரம் ஏர்போர்ட் பக்கத்துல இருந்துக்கிட்டே ஃப்ளைட் ஒண்ணுரெண்டுதான் தெரியுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, அவருக்கும் இதே பதில்தான், நீள கேபிளை விட்டுட்டு டாங்கிளை ஆன்டெனா அடியிலயே கொண்டு போங்க. ஆனா சித்திரை வெயில்ல மொட்டை மாடில பொட்டிக்குள்ள வச்சா டாங்கிள் வெந்துரும், நிழல் பாத்து வைங்க.

டிஷ் கேபிள் முனைல வர்ற எஃப் கனெக்டரை டாங்கிள்ல இருக்க எஸ்எம்ஏ கனெக்டருக்கு மாத்துற அடாப்டர் வாங்குறப்ப மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாருங்க. வைஃபை சாமானுக்கு வர்ற ரிவர்ஸ் எஸ்எம்ஏ வேற, நம்மளுது வேற. மரை சரியா ஏறும், இறுக்கமா நிக்கும், ஆனா நடுவுல ரெண்டு பக்கமும் ஓட்டையா இருக்கும், ஊசியே இருக்காது, உள்ள எதுவும் தொடாது. டவுன் ஹால் ரோட்டுல வாங்குனாலும் சரி ஆன்லைன்ல வாங்குனாலும் சரி, ஊசி இருக்கான்னு வெளிச்சத்துல பாத்துட்டு காசைக் குடுங்க.

"போன வருஷம் போட்டப்ப பிரமாதமா இருந்துச்சு, ஐப்பசி மழைக்கப்பறம் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டே வருது." – மேலூர்

இது என் சொந்தக் கதை அண்ணே. மூணு வாரம் ஸ்கேனரைக் கழட்டிக் கழட்டி மாட்டினேன், செட்டிங்கை அங்கிட்டும் இங்கிட்டும் மாத்துனேன், கடைசியா கீழ இருந்த கனெக்டரைக் கழட்டுனா உள்ளங்கையில ரெண்டு சொட்டு தண்ணி விழுந்துச்சு. மேல ஆன்டெனா அடில சுத்தியிருந்த கறுப்பு டேப்பு நம்ம ஊரு வெயில்ல உருகி கருப்பட்டிப் பாகு மாதிரி வழிஞ்சு, பிரிஞ்சு நின்னுச்சு, அந்த வழியா மழைத்தண்ணி உள்ள எறங்கி கேபிளோட மேல்வலைக்குள்ளயே திரி மாதிரி ஊறி ஊறி பதினெட்டு மீட்டர் கீழ வந்திருக்கு. கேபிளை வெட்டிப் பாத்தா செம்பு வலை கறுத்துப்போயி, சில இடத்துல பச்சை பூத்துக் கெடந்துச்சு. அரை அடி அரை அடியா வெட்டிக்கிட்டே போனேன், நல்ல செம்பு வரவே இல்ல, மொத்த கேபிளையும் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டேன்.

நீங்க மீட்டரை எடுத்து, கேபிளோட ரெண்டு முனையவும் கழட்டிட்டு, நடு கம்பிக்கும் வலைக்கும் ஓம் பாருங்க, எதுவும் காட்டக்கூடாது. ஏதாவது காட்டுனா தண்ணியோ ஷார்ட்டோ. ஆன்டெனாவைக் கழட்டாம பாத்துட்டு ஷார்ட்டுன்னு பயந்துராதீங்க, சில ஆன்டெனாவே அப்படித்தான் செஞ்சிருப்பாங்க. புதுசு போடுறப்ப சாதா டேப்பு வேணாம், இழுத்துச் சுத்துனா தனக்குத்தானே ஒட்டிக்கிற ரப்பர் டேப்பு இருக்கு, அதைச் சுத்தி அதுக்கு மேல சாதா டேப்பை கீழ இருந்து மேலா சுத்துங்க, அப்பத்தான் ஓடு வேஞ்ச மாதிரி தண்ணி வெளிய வழியும். கேபிள் வீட்டுக்குள்ள நொழையுற இடத்துக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடணும், தண்ணி அங்கயே சொட்டிரும். புளிச்ச வாசம் அடிக்கிற சிலிக்கானை கனெக்டர் மேல அப்பாதீங்க, செம்பை அரிக்கும்.

"டெலஸ்கோப் ஆன்டெனாவை முழுசா இழுத்து வச்சும் எடுக்கல." – ஆரப்பாளையம்

முழுசா இழுத்ததுதான் தப்பு தம்பி. 7125ஐ நீங்க கேக்க நெனைக்கிற மெகாஹெர்ட்ஸால வகுங்க, எத்தனை சென்டிமீட்டர் இழுக்கணும்னு வந்துரும். 145க்கு 49 சென்டிமீட்டர், முழுசா ஒரு மீட்டர் இழுத்தா அந்த அலைவரிசைல ஆன்டெனாவும் கேபிளும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது. 1090க்கு ஏழு சென்டிமீட்டர்தான், உங்க ஆள்காட்டி விரல் அளவு. நட்டமா நிறுத்தி வைங்க, பேசுறவங்க ஆன்டெனா நட்டமா இருக்கப்ப நம்மளுது படுத்துக் கெடந்தா பெரும்பங்கு சிக்னல் போயிரும். அப்பறம் அதை இரும்புக் குழாய் ஓரத்துலயோ சின்டெக்ஸ் டேங்க்ல ஒட்டியோ கட்டியிருக்கீங்கன்னா அரை மீட்டராவது தள்ளிக் கட்டுங்க, தண்ணி நெறைஞ்ச டேங்க்கு அந்தப் பக்கத்து சிக்னலை மறைக்கும். தகர ஷெட்டு இருந்தா காந்த அடி வச்ச ஆன்டெனாவை அது நடுவுல வச்சுப் பாருங்க, தகரமே தரையா வேலை செய்யும்.

"வீட்டுக்கு வடக்க யானைமலை. நத்தம் பக்கம் இருக்க நண்பர் ஹாம் லைசென்ஸ் வச்சிருக்காரு, அவரு பேசுறது துளிகூட வரல." – ஒத்தக்கடை

மலையை ஒண்ணும் பண்ண முடியாது சார், நடுவுல அழகர்மலை வேற இருக்கு. இந்த அலைவரிசை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டுற தூரம்தான் போகும். ரெண்டு ஆன்டெனாவோட உசரத்துக்கும் மீட்டர்ல வர்க்கமூலம் எடுத்து கூட்டி 4.12ஆல பெருக்குங்க, கிலோமீட்டர் வரும். ஒம்பது மீட்டர் உசரத்துல ரெண்டு பேரும் இருந்தா வெட்டவெளிலயே 25 கிலோமீட்டர் பக்கம்தான். பத்தாயிரம் மீட்டர்ல பறக்குற ஃப்ளைட்டோட சிக்னல் நானூறு கிலோமீட்டர்ல இருந்து வர்றது அதனாலதான். ஒரே ஒரு வழி, ஒரு திசையை மட்டும் பாத்து கேக்குற யாகி ஆன்டெனாவை நண்பர் திசைக்குக் காட்டாம சுத்தி இருக்க வேற மலைப்பக்கம் மெதுவா திருப்பிக்கிட்டே கேளுங்க, சில நேரம் பாறைல பட்டுத் தெறிச்சு வரும். அரை மீட்டர் தள்ளி வச்சாலே வந்தது போகும், போனது வரும், அதனால கம்பத்தை சிமென்ட் போட்டு நடுறதுக்கு முன்னாடி கையில பிடிச்சுக்கிட்டு மாடி பூரா நடங்க.

"நோவா வானிலை சாட்டிலைட் படம் எடுக்க 137 மெகாஹெர்ட்ஸுக்கு வி ஆன்டெனா செஞ்சேன், ரெண்டு கையும் 53 சென்டிமீட்டர், 120 டிகிரி, எல்லாம் சரி. ஒரு கோடு கூட வரல." – உசிலம்பட்டி

உங்க ஆன்டெனா மேல பழியே இல்ல. நோவா 15, 18, 19 மூணையும் 2025ல நிறுத்திட்டாங்க. பழைய வீடியோ பாத்து செஞ்சிருக்கீங்க. அதே ஆன்டெனாவை வச்சு ரஷ்யாவோட மீட்டியோர் வானிலை சாட்டிலைட்டை 137.9லயும் 137.1லயும் தேடுங்க, டிஜிட்டல் சிக்னல், சாஃப்ட்வேர் வேற போடணும். விண்வெளி நிலையத்தையும் 145.800ல பாத்து வைங்க, தலைக்கு மேல போற பத்து நிமிஷந்தான், அதுலயும் எப்பவும் பேச மாட்டாங்க.

"இடி இடிக்கிறப்ப ஸ்விட்சை ஆஃப் பண்ணா போதுமா?" – வாடிப்பட்டி

போதாது. கேபிளைக் கழட்டி ஜன்னலுக்கு வெளிய போடுங்க, அதுவும் இடி பக்கத்துல வந்தப்பறம் இல்ல, மேகம் கறுக்குறப்பவே.

"மயில் உக்காந்து உக்காந்து ஆன்டெனாவோட கம்பி ஒடிஞ்சிருச்சு, ரெண்டாவது தடவை." – அலங்காநல்லூர்

சிரிக்காம படிக்க முடியல அண்ணே, மன்னிச்சுக்கங்க, எங்க மாமா ஊருல இதே வேலைய குரங்கு பாக்குது. கம்பியை வெளிய நீட்டாம அரை இஞ்ச் பிவிசி குழாய்க்குள்ள விட்டு மேல மூடி போட்டுருங்க, பிவிசி இந்த அலைவரிசைய தடுக்காது. குழாய்க்குள்ள போனதும் கம்பி லேசா நீளமான மாதிரி நடந்துக்கும், அதனால ஒரு சென்டிமீட்டர் கம்மியா வெட்டிப் பாத்து காதுக்கு எது நல்லா இருக்கோ அதுல நிறுத்துங்க. மயில் அப்பறமும் வந்து உக்காரும், உக்காந்துட்டுப் போகட்டும்.