பாங்கு கேட்காத ஊரில் முதல் ரமளான்

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. வட ஐரோப்பாவுக்கு வேலைக்கு வந்து இதுதான் உங்களுக்கு முதல் ரமளான். பகல் ரொம்ப நீளமாமே, மக்கா நேரத்தை வைத்து நோன்பு திறக்கலாமா, இன்சுலின் போடுகிறேன், நோன்பை விட்டால் பாவமா, ஆபீஸில் சொல்லியாக வேண்டுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே வந்து பல வருடமாகிவிட்டது. வெயில்கால நோன்பும் பார்த்திருக்கிறேன், குளிர்கால நோன்பும் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். பிறையை வைத்துக் கணக்கிடும் நம் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட 10, 11 நாள் குறைவு. அதனால் ரமளான் வருடா வருடம் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றி வந்துவிடும். நீங்கள் கேள்விப்பட்ட 18, 19 மணி நேர நோன்பெல்லாம் 2015, 2016இல் ரமளான் ஜூன் மாதத்தில் வந்தபோது நடந்தவை. இப்போது அது பிப்ரவரிக்கு வந்துவிட்டது. பகல் 12 மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என இரண்டு ரமளான் தொடங்கும். அப்போது லண்டனில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்து மஃரிப்.

மக்கா நேரம் உங்களுக்கு வேண்டாம். வைகறையின் வெள்ளை நூல் கருப்பு நூலிலிருந்து தெளிவாகும்வரை உண்ணுங்கள், பருகுங்கள், பிறகு இரவுவரை நோன்பை முழுமையாக்குங்கள் என்பது குர்ஆன் 2:187. சூரியன் உதித்து மறையும் ஊரில் இருப்பவருக்கு அந்த ஊர் வானம்தான் கணக்கு. சூரியன் மறையாமலோ உதிக்காமலோ கிடக்கும் துருவப் பகுதிக்குத்தான், பக்கத்தில் இரவு பகல் பிரியும் ஊரின் நேரத்தையோ மக்கா நேரத்தையோ எடுத்துக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே குழப்பம் தருவது நோன்பு தொடங்கும் வைகறை நேரமான ஃபஜ்ர்தான். ஒரு ஆப்பில் சஹர் சாப்பாட்டை முடிக்க ஒரு நேரம், இன்னொன்றில் வேறு நேரம் என்றிருக்கும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் என்று சிலர் கணக்கிடுகிறார்கள், 15 என்றும் 12 என்றும் வைப்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் மனம்போன போக்கில் சொல்லவில்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை தொழப் போகும் பள்ளிவாசலின் அட்டவணை ஒன்றை வாங்கி அடுப்படியில் ஒட்டிவிடுங்கள், மாதம் முழுக்க அதுதான். ஒரு நாள் இதைப் பார்த்துச் சாப்பிடுவது, மறுநாள் அதைப் பார்த்துத் திறப்பது என்று போனால் நிம்மதி போய்விடும்.

மாதம் தொடங்கவும் முடியவும் பார்க்கும் பிறையும் அப்படியே. குரைப் என்பவர் சிரியாவில் வெள்ளி இரவே பிறை பார்த்துவிட்டு மதீனா திரும்பினார். நாங்கள் சனி இரவுதான் பார்த்தோம், முப்பதை முடிக்கும்வரை அல்லது பிறையைப் பார்க்கும்வரை நோன்பு வைப்போம் என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவரிடம் சொல்லிவிட்டார்கள். முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் வருவது இது. வீட்டிலிருந்து போன் வரும், அங்கே பெருநாள், உனக்கு இன்னும் நோன்பா என்பார்கள். கலங்காதீர்கள். நபித்தோழர்கள் காலத்திலேயே ஊருக்கு ஊர் ஒரு நாள் வித்தியாசம் இருந்திருக்கிறது.

இன்சுலின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் ஒரு வெட்கம் தெரிகிறது. நோன்பைக் கடமையாக்கிய வசனத்துக்கு அடுத்த வசனத்திலேயே நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை வந்துவிடுகிறது. அதற்கு அடுத்ததில் அந்தச் சலுகையை மறுபடி சொல்லி, அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்கிறான். கட்டளை தந்தவனே தந்த சலுகை இது. அதை ஏற்பவர் கட்டளையை மீறியவர் ஆகமாட்டார்.

ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ரமளான் நோன்புக்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, இங்குள்ள டாக்டர்களிடம் அதைச் சொன்னால் எடுத்துப் பார்ப்பார்கள். இன்சுலின் அளவையும் நேரத்தையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும், நீங்களாக மாற்றாதீர்கள். வைக்கலாம் என்று அவர் சொன்னால், பகலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது என்பதே இன்றைய ஆலிம்களில் பெரும்பாலோர் தீர்ப்பு. சர்க்கரை (mg/dL கணக்கில்) 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள் என்கிறது அந்த வழிகாட்டி. கை நடுங்கும்போது, இன்னும் அரை மணிதானே என்று உட்கார்ந்திருக்காதீர்கள் தம்பி. தனியாகத் தங்கியிருக்கிறீர்கள், மயங்கி விழுந்தால் பார்க்க ஆள் இல்லை.

வைக்கவே கூடாது, இது தீராத நோய் என்று அவர் சொல்லிவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா போதும். கொஞ்ச நாளில் சரியாகும் நிலை என்றால் விட்ட நோன்பைப் பிறகு வைத்துக் கழா செய்ய வேண்டும். எப்படியானாலும் தராவீஹ் இரவுத் தொழுகை, குர்ஆன், தர்மம், கடைசிப் பத்தின் இரவுகள் எல்லாம் உங்களுக்கும் இருக்கின்றன. ரமளான் உங்களை வெளியே நிறுத்தவில்லை.

ஆபீஸில் மேனேஜரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், சுருக்கமாகப் போதும். இந்த மாதம் சூரியன் மறையும்வரை சாப்பிட மாட்டேன், மறையும் நேரத்தில் பத்து நிமிடம் வேண்டும். குளிர்காலத்தில் மஃரிப் மீட்டிங் நடுவில் வந்து நிற்கும். சட்டைப் பையில் பேரீச்சம்பழமும் கையில் தண்ணீரும் இருந்தால், நேரமானதும் பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்துகொள்ளலாம். நோன்பு திறப்பதைத் தாமதிக்காமல் இருப்பதுதான் சுன்னத். நீங்கள் கடின உடலுழைப்பு வேலைக்கு மாறினால் இதை நினைவில் வையுங்கள்: வேலை இருக்கிறதே என்று முந்தின இரவே நோன்பை விட்டுவிடக் கூடாது. நோன்பு வைப்பதாக நிய்யத் வைத்துத் தொடங்கி, உடலுக்கு நிஜமாகவே ஆபத்து என்னும் கட்டம் வந்தால் திறந்துவிட்டுப் பிறகு கழா செய்ய வேண்டும்.

தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாயா என்று ஆச்சரியமாகக் கேட்பார்கள். ஆமாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். யாராவது கிண்டல் செய்தால் நான் நோன்பாளி என்று சொல்லி விலகிக்கொள்ள நபியவர்கள் கற்றுத்தந்திருக்கிறார்கள். பொய் பேசுவதையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விட்டிருப்பதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்ற புகாரி ஹதீஸை இந்த மாதத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வேலையிடத்துப் புறம்பேச்சில் உட்கார்ந்துகொண்டு பட்டினி மட்டும் கிடந்து என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரே நோன்பிருக்கும் இடத்தில் ஊர் நம்மைத் தாங்கிக்கொள்ளும். இங்கே மதியம் தொழுகைக்காக வாய், முகம் கழுவி ஒளு செய்யும்போது வாயில் இருக்கும் தண்ணீரை நீங்கள் விழுங்கினாலும் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அதைத் துப்பிவிடுகிறீர்களே, நோன்பால் வர வேண்டியதாக 2:183 சொல்லும் இறையச்சம் அங்கேதான் இருக்கிறது. நோன்பு எனக்குரியது, அதற்கு நானே கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொல்வதன் கனம் இங்கே வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாலையில் மட்டும் தனியாக இருக்காதீர்கள். நீங்கள் தொழும் பள்ளிவாசலில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறக்கும் இஃப்தார் இருக்கிறதா என்று கேட்டு, வாரத்தில் சில நாளாவது போய் உட்காருங்கள். மொழி தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் தட்டை உங்கள் பக்கம் நகர்த்துவார்.

அப்புறம், ஏழைகளுக்கான ஃபித்ரா தர்மத்தைப் பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். பெருநாளுக்கு லீவு கேட்கும்போது அடுத்தடுத்த இரண்டு தேதிகளையும் சொல்லி, எந்த நாள் என்பது முந்தின இரவுதான் உறுதியாகும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.