மரண ரயிலும் குவாய் ஆறும்: ஒரு பகலில் எவ்வளவு பார்க்கலாம்?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு நான்கு நாள் பாங்காக் போகிறோம். அதில் ஒரு நாள் காஞ்சனபுரிக்கு. மிதக்கும் சந்தை, குவாய் ஆற்றுப் பாலம், போர்க் கல்லறை, அருங்காட்சியகம், மரண ரயில், ஹெல்ஃபயர் கணவாய், படகுச் சவாரி எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக ஒரு பயண முகவர் சொல்கிறார். அம்மாவுக்கு வயது 68, மகனுக்கு 10. அம்மாவின் பெரியப்பா மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் வேலைக்குப் போனவர். திரும்பி வரவே இல்லை. இந்தப் பயணம் எங்களுக்குச் சரிவருமா? எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஏழு விஷயங்களையும் ஒரே நாளில் காட்டலாம். பார்க்க முடியாது.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நகர நெரிசலைத் தாண்டி வெளியேறிப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை இருப்பது தென்மேற்கே, வேறு சாலையில். அங்கிருந்து காஞ்சனபுரிக்கு ஒன்றரை மணி நேரம். ரயில் பாதைக்காக மலையில் வெட்டிய ஹெல்ஃபயர் கணவாயோ காஞ்சனபுரியையும் தாண்டி இன்னும் 80 கிலோமீட்டர். மூன்றையும் ஒரு நாளில் கோத்தால் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேனில்தான் உட்கார்ந்திருப்பீர்கள். இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் "இருபது நிமிடம்தான்" என்று வழிகாட்டி கையைக் காட்டுவார். கல்லறைத் தோட்டத்தில் அந்த அவசரம் கூடாது.

சந்தை, கணவாய் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது சந்தையை விடுங்கள் என்று. அதைப் பாங்காக்கில் மீதமுள்ள நாட்களில் ஒரு காலைப்பொழுதில் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும்போது ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். குவே யாய், குவே நோய் என்ற இரண்டு ஆறுகள் காஞ்சனபுரியில் கூடி மேக்லோங் ஆறாகின்றன. அந்த மேக்லோங்கோடு இணைக்க 1860களில் வெட்டிய வாய்க்கால்தான் சந்தைப் படகுகள் நிற்கும் தம்னோன் சதுவாக். மேலே ரயில் பாதையும் கீழே சந்தையும் ஒரே தண்ணீரின் கரைகள்.

(தாய் மொழியில் "குவே" என்றால் கிளையாறு. நாம் சொல்லிப் பழகிய "குவாய்" எருமையைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பாலம் நின்ற இடத்தில் ஆற்றின் பெயரும் குவே அல்ல, மேக்லோங்தான். 1957இல் வந்த "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்" என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் "குவாய் ஆறு எங்கே?" என்று கேட்கத் தொடங்கிய பிறகு, 1960வாக்கில் அந்தப் பகுதிக்கு குவே யாய் என்று பெயர் சூட்டினார்கள். படம் எடுக்கப்பட்டது இலங்கையில், கித்துல்கலவில்.)

போர் வரலாற்றையும் ஆற்று வாழ்க்கையையும் ஒரே நாளில் சேர்ப்பது பயண முகவர்களின் விற்பனை உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே அது அப்படியல்ல. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டருக்கு ஜப்பானிய ராணுவம் நேச நாட்டுப் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளரையும் கொண்டு போட்ட இந்த மரண ரயில் பாதை, பெரும்பகுதி குவே நோய் பள்ளத்தாக்கை ஒட்டியே போகிறது. அரிசி, கருவிகள், ஆட்கள் எல்லாம் படகில் மேலே போக வேண்டியிருந்ததே காரணம். மழைக்காலத்தில் காட்டுச் சாலைகள் சேறாகிவிட்டால் முகாம்களுக்கு ஆறு ஒன்றே வழி. காஞ்சனபுரி வணிகர் பூன்போங் சிரிவேச்சபந்து முகாம்களுக்கு உணவுப் பொருள் விற்கும் உரிமை பெற்று, அந்தப் படகுகளிலேயே மருந்தையும் பணத்தையும் மறைத்து அனுப்பினார். எத்தனையோ கைதிகள் பிழைத்தது அதனால்தான். அவர் கடை இருந்த பாக் ப்ரேக் பழைய தெரு இன்றும் இருக்கிறது.

அதே ஆறு நோயையும் சுமந்து வந்தது. 1943 மே, ஜூனில் மழையோடு காலரா பரவியது. போர்க்கைதிகளின் முகாம்களில் மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுக்கோப்பு இருந்தது. தண்ணீரைக் காய்ச்சாமல் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். ஆசியத் தொழிலாளர் முகாம்களில் சொல்வதற்கே ஆள் இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் ஆற்று நீரை அள்ளி அப்படியே குடித்தார்கள். பாதை 1943 அக்டோபர் 17 அன்று இணைந்தபோது 12,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளரில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலான மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். ஜப்பான் மலாயாவைப் பிடித்த பிறகு ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. நாள் கூலி ஒரு வெள்ளி (மலாயா டாலர்), மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது தெருவிலும் கள்ளுக்கடையிலும் இருந்தவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். உங்கள் அம்மாவின் பெரியப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

எனவே உங்கள் நாளை நான் இப்படிப் போடுவேன். குழு வேன் வேண்டாம். தனி வண்டி, ஆங்கிலம் நன்றாகப் பேசும் வழிகாட்டி. காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். எட்டரைக்கெல்லாம் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கலாம், வெயில் ஏறியிருக்காது. அங்கே 6,982 பேர் நினைவுகூரப்படுகிறார்கள்: பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். ஒவ்வொரு கல்லிலும் பெயர், படைப்பிரிவு, வயது. பலவற்றில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி. மகனை வயதுகளை வாசிக்கச் சொல்லுங்கள். 22, 24, 21 என்று போகும். பத்து வயதுப் பையனுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அங்கே நம் ஊர்ப் பெயர்களைத் தேடாதீர்கள். படைவீரருக்குப் பதிவேடு இருந்தது, கூலிக்கு இல்லை. அவர்களுக்கான இடம் நடந்துபோகிற தூரத்திலேயே இருக்கிறது: வாட் தாவோன் வராராம், வியட்நாமிய மரபைச் சேர்ந்த புத்தக் கோயில். சுற்றிலும் கண்டெடுத்த ஆசியத் தொழிலாளர் எலும்புகளை அங்கே ஒன்றாகப் புதைத்து மேலே நினைவுச் சின்னம் கட்டியிருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லும் நாட்டப்பட்டிருக்கிறது. வழக்கமான ஒருநாள் சுற்றுலாவில் இந்தக் கோயில் இடம்பெறுவதே இல்லை. பல வழிகாட்டிகளுக்குத் தெரியவும் தெரியாது. ஆற்றங்கரையில் ஒரு புத்த மடத்தில் 1977இல் தொடங்கிய ஜீத் அருங்காட்சியகத்தின் பெயரைப் பாருங்கள்: ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா–ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகிய பெயர்களின் முதல் ஆங்கில எழுத்துகளைக் கோத்தது அது. அதிகம் பேரைப் பறிகொடுத்த தமிழருக்கும் பர்மியருக்கும் மலாய்க்காரருக்கும் அந்தப் பெயரில் ஓர் எழுத்தும் இல்லை. எனக்கு இது ஆறாத வருத்தம். முகவரிடம் கோயிலின் பெயரை எழுதிக் கொடுத்து, பயணத் திட்டத்தில் அரை மணி நேரம் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு முகவரைப் பாருங்கள்.

அருங்காட்சியகம் ஒன்று போதும் என்றால், கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே 2003இல் திறந்த தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம். காலை ஒன்பதுக்குத் திறக்கும். வரைபடங்களும் மாதிரிகளும் தெளிவாக இருக்கும். ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பிறகு ரயில். பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் வண்டி பத்தரை மணிவாக்கில் காஞ்சனபுரி வரும். தாமதமாவது சகஜம், நேரத்தை முந்தின நாள் சரிபாருங்கள். வெளிநாட்டவருக்கு எந்தத் தூரமானாலும் 100 பாட் கட்டணம். முகவர் "சிறப்பு இருக்கை" என்று கூடுதல் கேட்டால் தேவையில்லை, சாதாரணப் பெட்டியில் மர இருக்கையும் திறந்த ஜன்னலுமே நல்லது. இடப்பக்கம் உட்காருங்கள். காஞ்சனபுரி நிலையத்திலேயே ஏறிவிட்டால் வண்டி பாலத்தின் மேலேயே போகும். அதன்பின் கரும்பு, மரவள்ளி வயல்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தாம் கிராசே: ஒருபக்கம் பாறை, மறுபக்கம் கீழே குவே நோய், நடுவே மரத்தூண்கள் மேல் ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி ஊர்ந்து போகும். பேச்சு தானாக நின்றுவிடும். கை, தலை வெளியே நீட்டாமல் மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாறை அவ்வளவு அருகில் இருக்கும்.

முகவர் "மரண ரயில் பயணம்" என்று சொன்னால் எந்த நிலையத்தில் ஏறி எதில் இறங்குவது என்று கேளுங்கள். இரண்டு நிறுத்தம் மட்டும் ஏற்றி இறக்குகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு நிறுத்தத்துக்குள் தாம் கிராசே வந்துவிட்டால் கூட்டத்தில் அம்மாவுக்கு அதுவே போதும் என்றும் தோன்றலாம். ஆனால் தெரிந்து வாங்குங்கள்.

தாம் கிராசேயில் இறங்கி, ஆற்றைப் பார்த்தபடி மதிய உணவு. உங்கள் தனி வண்டி அங்கே வந்து காத்திருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு உங்கள் கையில். அம்மா களைத்திருந்தால் ஹெல்ஃபயரை விட்டுவிடுங்கள். தெம்பாக இருந்தால் போங்கள். 1943இல் மலைப்பாறையைச் சுத்தியலாலும் உளியாலும் வெடியாலும் பிளந்த வெட்டுப்பாதை அது. ஒரு நாளுக்கு 18 மணி நேரம் வரை வேலை வாங்கினார்கள். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமான உருவங்கள் நரகக் காட்சிபோல் தெரிந்ததால் வந்த பெயர். ஆஸ்திரேலிய அரசு 1998இல் அங்கே விளக்க மையம் திறந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒலிவழிகாட்டியும் கிடைக்கும். மாலை நான்கு மணிக்குள் முடித்தாக வேண்டும்; படகும் வேண்டுமானால் மூன்றுக்கே கிளம்பிவிடுங்கள். வெட்டுக்குள் போக நிறையப் படிகள் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி இருந்தால் அம்மா மையத்திலேயே இருக்கட்டும். பின்பக்க மேடையிலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். கீழே பாறையில் பாதியில் முறிந்த துளைக்கருவி ஒன்று இன்னும் சிக்கி நிற்கும் என்று வழிகாட்டிகள் காட்டுவார்கள். மகன் சுவரில் கை வைத்து உளித்தழும்பைத் தடவிப் பார்க்கட்டும்.

படகை நாளின் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகல் பன்னிரண்டு மணி வெயிலில் படகு ஏற்றுகிற திட்டம் நல்ல திட்டமல்ல. மாலை நாலரை வாக்கில் பாலத்தடியில் நீள்வால் படகு கிடைக்கும். வாடகை பெரும்பாலும் ஆளுக்கு அல்ல, படகுக்கு, முன்பே பேசிக்கொள்ளுங்கள். லாரி எஞ்சின் மாதிரி இரைச்சல் போடும், அம்மாவை முன்பக்கம் உட்கார வையுங்கள். உயிர்காப்புச் சட்டை எல்லோருக்கும் கேட்டு வாங்குங்கள். படித்துறையில் ஏறுவதும் இறங்குவதும்தான் சிரமம், ஓடுவது அல்ல. குவே யாயில் கீழ்நோக்கிப் போய், இரண்டு ஆறும் கூடும் இடத்தைத் தாண்டி, குவே நோயில் சற்று மேலேறினால் சுங்காய் கல்லறைத் தோட்டம் கரையிலேயே வரும். அங்கே 1,700க்கும் மேற்பட்டோர். முன்பு முகாம் மருத்துவமனை இருந்த இடம். பேருந்துக் கூட்டம் அங்கே வருவதில்லை.

வழியெல்லாம் மூங்கில் மிதவை வீடுகள், கூண்டில் வளர்க்கும் மீன், துணி துவைக்கும் பெண்கள், ஆகாயத்தாமரைக் கொத்துகள். படகுக்காரரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். "சா சா" என்றால் புரிந்துகொள்வார். இன்றைய ஆறு அன்றைய ஆறல்ல. 1970, 80களில் மேலே கட்டிய அணைகள் இப்போது அதன் நீர்மட்டத்தை முறைப்படுத்துகின்றன. திரும்பி வந்து அந்திப் பொழுதில் பாலத்தின் மேல் நடக்கலாம். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை; நடுவில் வளைவின்றிக் கோண வடிவில் நிற்கும் இரண்டும் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. ரயில் வந்தால் ஒதுங்க ஓரமேடைகள் உண்டு. பாங்காக் சேர இரவு ஒன்பதாகும். முடிந்தால் ஓர் இரவு காஞ்சனபுரியில் தங்குங்கள். நாலு நாளில் ஒன்று போனாலும் அம்மாவுக்கு அதுவே நல்லது.

உணவு: சைவம் என்றால் "கின் ஜே" என்று சொல்லுங்கள், வெங்காயம் பூண்டுகூட இல்லாமல் தருவார்கள். மீன் சாறு மட்டும் ஆகாது என்றால் "மை சாய் நாம் ப்லா" என்று தனியாகச் சொல்ல வேண்டும். மீன் சாறு இல்லாத குழம்பு அங்கே அரிது. கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை. ஜனவரிக் காலையில் குளிரும், அம்மாவுக்குச் சால்வை.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. பெரியப்பாவின் பெயர், ஊர், தோட்டத்தின் பெயர், கங்காணி பெயர், எப்போது போனார் என்பதையெல்லாம் அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரயில்வே மையத்தில் அதைக் காட்டி விசாரிக்கலாம். பதில் கிடைக்கும் என்று அம்மாவிடம் உறுதி சொல்லாதீர்கள், ஏனென்றால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கோயிலுக்குப் பூ வழியிலேயே வாங்கிவிடுங்கள். நடுகல் முன்னால் அந்தத் தாளிலுள்ள பெயரை அம்மா சத்தமாக வாசிக்க விரும்பினால், வழிகாட்டியையும் ஓட்டுநரையும் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.