நீலகிரிக்கு ஓர் அலமாரித் தட்டு: எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

வாசகர் கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில், பிறந்தவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் கோவையில் வங்கி வேலை. ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பிவிட்டேன். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்ப்பதற்காக, நீலகிரியின் வரலாறும் இயற்கையும் பற்றி ஒரு தட்டு நிறையப் புத்தகம் சேர்க்க ஆசை. கடைகளில் பளபளப்பான படப் புத்தகங்கள்தான் கிடைக்கின்றன. பழைய புத்தக வியாபாரி ஒருவர் 1908ஆம் ஆண்டு நீலகிரி கெசட்டியரின் (அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூல்) மூலப் பதிப்பு இருப்பதாகச் சொல்லி 9,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? எதில் தொடங்குவது? இங்குள்ள ஈரத்தில் புத்தகம் பூத்துப்போகாமல் எப்படி வைப்பது?

பதில்: அந்த 9,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். கெசட்டியர் மோசமான புத்தகம் என்பதால் சொல்லவில்லை. உங்கள் தட்டில் இருந்தே ஆக வேண்டிய புத்தகம் அது. ஆனால் அதைக் காசு கொடுக்காமலே படிக்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் நீலகிரி பற்றிய பழைய புத்தகங்கள் பலவும் முழுதாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை முடிந்துவிடும். அதனால் இவற்றை இறக்கிக்கொள்வதில் தவறு ஒன்றும் இல்லை. நூலகப் பணியில் இந்த மலையிலேயே வருடக்கணக்காக இருந்தவன் என்ற முறையில் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: பழைய புத்தகத்தைத் திரையில் படியுங்கள், காசைப் புதிய புத்தகத்துக்குச் செலவழியுங்கள்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். அந்தக் காலத்து ஆங்கிலேயர் நம் ஊர்ப் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். இப்போதைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிப் புத்தகம் அகப்படாது. 'நெயில்கெர்ரி', 'நீல்கெர்ரி', 'நிலகிரி' என்று உச்சரிப்பு வரும்படி ஆங்கிலத்தில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று, உங்களுக்கு இது முக்கியம். படகர் என்ற பெயரைப் பல பழைய புத்தகங்களில் 'பர்கர்' என்றே எழுதியிருப்பார்கள். பின்பக்கச் சொல்லடைவில் படகர் இல்லையே என்று மூடிவைத்துவிடாதீர்கள்.

சரி, கெசட்டியருக்கு வருவோம். 1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்தது அது. அதே வருடம்தான் மலை ரயில் ஊட்டி வரை வந்து சேர்ந்தது. குன்னூர் வரை 1899லேயே வந்துவிட்டது. பிரெட்ரிக் பிரைஸ் எழுதிய ஊட்டி வரலாறு வெளியானதும் 1908தான். அதற்கு முன் 1880இல் கிரிக் தொகுத்த மாவட்டக் கையேடு இருக்கிறது. இந்த மூன்றும்தான் அடித்தளம். பின்னால் எழுதியவர்கள் பெரும்பாலும் இவற்றில் இருந்து எடுத்துத்தான் எழுதுகிறார்கள்.

பிரான்சிஸின் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து படிக்காதீர்கள். கடைசி அதிகாரத்தில் ஊர் ஊராகக் குறிப்பு இருக்கும். கோத்தகிரியை எடுங்கள். உங்கள் ஊருக்குச் சுற்றுவட்டாரத்தில் என்னென்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். மறுநாள் காலையில் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கே போய் நின்று அந்தக் குறிப்பைத் தமிழில் சொல்லுங்கள். கன்னேரிமுக்கில் சல்லிவனின் பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறி வந்த கதையை அங்கே நின்று கேட்ட பிள்ளை அந்த வருடத்தை மறக்காது.

ஆனால் சல்லிவனோடு வரலாறு தொடங்குவதாக நினைக்க வைப்பதுதான் இந்தப் பழைய புத்தகங்களின் பெரிய குறை. 1603லேயே பெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கத்தில் இருந்து ஏறி வந்து தோடர்களையும் படகர்களையும் பார்த்து எழுதிவைத்தார். அதற்கும் முன்னால், 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று, தளபதி புனிசன் தோடர்களை அச்சுறுத்தி நீல மலையைக் கைப்பற்றியதாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் வடக்கே படை கொண்டு போகும் செங்குட்டுவன் நீலகிரியின் பக்கத்தில்தான் பாடி இறங்குகிறான். உங்கள் தட்டில் வஞ்சிக் காண்டம் உள்ள ஒரு நல்ல உரைப்பதிப்பையும் வையுங்கள். நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் புத்தகம்தான். அதில் நீலகிரி வரும் பக்கத்தில் ஒரு காகிதம் செருகிவைத்தால் போதும்.

இன்னொரு குறை மக்களைப் பற்றியது. மலைக்கு வந்த வெள்ளைக்காரர் பலருக்கும் தோடர்கள் மேல்தான் கண். ஹார்க்னஸ் 1832இலேயே அவர்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதினார். 1873இல் ஒருவர் தோடர்களின் தலையை அளந்து குணத்தைக் கணிக்கக் கிளம்பினார். போலி அறிவியல் அது, பிள்ளைகள் கையில் துணையில்லாமல் கொடுக்க வேண்டாம். 1906இல் மானிடவியலாளர் ரிவர்ஸ் எழுதியதுதான் உண்மையில் பொறுமையாக உட்கார்ந்து எழுதிய நூல். ஒவ்வொரு மந்தாக (தோடர் குடியிருப்பு) பெயர், குடும்பம், வம்ச வரிசை, சடங்கு என்று கேட்டுக் குறித்தார். எண்ணிக்கையில் மிக அதிகமாக இருந்த படகர்களுக்கோ, கோத்தர், குறும்பர், இருளருக்கோ அப்படி ஒரு முழு நூல் அன்று கிடைக்கவில்லை. மானிடவியலாளர் பால் ஹாக்கிங்ஸ் வந்துதான் படகர் சமூக வரலாற்றை எழுதினார், 1980இல். பிறகு படக மொழிக்கு அகராதியும், 2012இல் நீலகிரி பற்றிய ஒரு கலைக்களஞ்சியமும் அவர் பெயரில் வந்தன. நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை இவை. விலை கூடுதலாக இருந்தால் முதலில் அகராதியை வாங்குங்கள். பாட்டி பேசும் சொல் அச்சில் இருப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு வரும் மகிழ்ச்சிக்கு ஈடாக வேறு எந்தப் படப் புத்தகத்தையும் நான் சொல்ல மாட்டேன்.

தமிழில் ஒன்று கட்டாயம்: ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்'. நாவல்தான். ஆனால் 1960களின் தொடக்கத்தில், இங்கேயே தங்கிப் பழகிய ஒருவர், படகர் வாழ்க்கையைத் தமிழ் வாசகர்களுக்குக் கொண்டுபோன புத்தகம். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டே தலைமுறையை அளக்கும் கதை. அவருடைய எழுத்துக்கள் 2009இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அதனால் பல பதிப்பகங்களும் குறைந்த விலையில் போடுகின்றன. இந்த ஊர்க்காரர் என்ற முறையில் உங்களுக்குச் சில இடங்களில் 'எங்கள் வழக்கம் இப்படி இல்லையே' என்று தோன்றலாம். அங்கே பென்சிலால் ஓரத்தில் எழுதிவையுங்கள். பேரப்பிள்ளைகள் நாவலோடு சேர்த்து அதையும் படிக்கட்டும். பழங்குடிகளைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்துகொள்ள பக்தவத்சல பாரதியின் 'தமிழகப் பழங்குடிகள்' போதும்.

இனி இயற்கைக் காட்சி. படப் புத்தகம் வாங்கத் தயங்கியது சரிதான். அதில் பல, ஊட்டி ஏரி, தாவரவியல் பூங்கா, தேயிலைத் தோட்டம், மலை ரயில் என்று சுற்றிச் சுற்றி அதையே காட்டும். அந்த ஏரியே 1820களில் சல்லிவன் அணை போட்டு உண்டாக்கியது. தேயிலையும் யூகலிப்டஸும் வந்தேறிகள். யூகலிப்டஸ் இங்கே முதலில் நடப்பட்டது 1840களில். நாம் 'இயற்கை' என்று பார்த்து ரசிக்கும் காட்சியில் பெரும்பகுதி 200 வருடத்துக்குள் மனிதன் மாற்றியது. இந்த மலையின் காட்சியையும் வரலாற்றையும் தனித்தனித் தட்டில் வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி இருக்கிறது. கேப்டன் பாரன் வரைந்த நீலகிரிக் காட்சிகள் 1837இல் லண்டனில் செதுக்கி அச்சிடப்பட்டன. பெய்க்கி 1834இல் எழுதிய புத்தகத்திலும் படங்கள் உண்டு. இரண்டையும் கணினியில் திறந்து வையுங்கள். மழிச்சுவிட்டது போல் வழவழவென்ற புல்மேடுகள் தெரியும். மடிப்புகளில், தண்ணீர் இறங்கும் இடங்களில் மட்டும் கருப்பாய்ச் சோலைக்காடு. ஓவியர் சோம்பலில் மரத்தை விட்டுவிட்டார் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். இல்லை. மேல்மலை அப்படித்தான் இருந்தது. முக்குர்த்தி பக்கம் இன்னும் கொஞ்சம் அப்படி மிச்சம் இருக்கிறது. புல்வெளி மழைநீரைப் பிடித்துவைக்கும், சோலை அதைச் சிறுகச் சிறுக ஓடையில் விடும். அந்தத் தண்ணீர்தான் பைக்காரா, குந்தா மின்திட்டங்களுக்குப் போகிறது. பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932இல். அணைகள் வந்தபோது பல பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போயின. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதையும் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: அந்த ஓவியங்களை அப்படியே சாட்சியாக எடுக்க வேண்டாம். இங்கே வரைந்ததை அங்கே செதுக்கியபோது மலை கொஞ்சம் கூராகி, மேகம் கொஞ்சம் கூடி, முன்னால் ஒரு மனிதர் அழகுக்காக வந்து நின்றிருக்கலாம். மேட்டின் வடிவத்தை நம்புங்கள், அலங்காரத்தை நம்பாதீர்கள்.

செடி கொடி என்றால் ராபர்ட் வைட் 1846 முதல் 1851 வரை வெளியிட்ட நீலகிரித் தாவரப் படங்கள். வைட்டின் தாவர நூல்களுக்கு வரைந்துகொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு தென்னிந்திய ஓவியர்கள். அட்டையில் வெள்ளைக்காரர் பெயர்தான் இருக்கும். நீங்கள் பிள்ளைகளிடம் காட்டும்போது இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் காட்டுங்கள். நடக்கும்போது கையில் வைத்துக்கொள்ள பைசனின் நூல் வசதி. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் அவர். 1915 முதல் 1920 வரை, நீலகிரிக்கும் பழனி மலைக்கும் சேர்த்து எழுதினார். கோட்டோவியங்கள் பலவற்றை வரைந்தவர் அவருடைய மனைவி. விலங்குகளுக்கு டேவிடாரின் 'சீத்தல் வாக்' இருக்கிறது. சீகூர் காட்டோரத்தில் வாழ்ந்தவர் எளிய ஆங்கிலத்தில் எழுதியது. பேத்தி பத்தாவது படிக்கிறாள் என்றால் தானே படித்துவிடுவாள்.

கொடைக்கானல் பக்கமும் ஆசை இருந்தால், மூன்று போதும்: பிரான்சிஸின் மதுரை கெசட்டியர் (1906), பழனி மலைக் கற்திட்டைகள் பற்றி ஆங்கிலாதும் நியூட்டனும் எழுதிய தொல்லியல் துறை வெளியீடு (1928), பாதிரியார் கே.எம். மாத்யூவின் தாவர நூல் (1999). கடைசி நூலை நூலகத்தில் பார்த்தால் போதும்.

மறுபதிப்பு வாங்கும்போது கவனம் வேண்டும். ஸ்கேன் செய்ததை ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் புத்தகங்கள் நிறைய உலவுகின்றன. நானே ஒருமுறை ஒரு பழைய நூலின் மறுபதிப்பை ஆசையாக வாங்கித் திறந்தேன். மடிப்பு வரைபடத்தை விரிக்காமலே ஸ்கேன் செய்திருந்தார்கள். வரைபடத்தின் முதுகு மட்டும் வெள்ளைத் தாளாக வந்திருந்தது. வண்ணப் படங்கள் எல்லாம் சாம்பல் திட்டு. வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று பக்கத்தின் புகைப்படம் கேளுங்கள்: வரைபடம், ஒரு படத்தாள், கடைசிப் பக்கம். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை நம் மலையில் காற்றே ஈரம்தான். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டிப் போடாதீர்கள், உட்சுவர் ஓரமாக நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள். தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, அவ்வப்போது சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், ஆனால் நிழலில். நேர்வெயில் அட்டையை வளைத்துவிடும், மையை வெளுக்கும். கணப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்திலும் வேண்டாம். பூத்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நன்றாக உலரவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வாசலில் நின்று மென்மையான தூரிகையால் தட்டுங்கள். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் இருக்கட்டும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருடத்தில் அந்த டேப்பே காகிதத்தைத் தின்றுவிடும்.

மூலப் பதிப்பு எப்படி இருக்கும் என்று தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஊட்டியில் நீலகிரி நூலகத்திலும், சென்னையில் கன்னிமரா நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். உள்ளே போகும் முறையை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்து அருங்காட்சியகமும் இருக்கிறது, பிள்ளைகளோடு அரைநாள் போகலாம்.

அந்த வியாபாரியிடம் முகம் முறிக்க வேண்டாம். திரையில் படித்து முடித்த பிறகும் 1908 தாளைக் கையில் பிடிக்க வேண்டும் போல் இருந்தால் நேரில் போங்கள். வரைபடத்தை மேசையில் முழுதாக விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்பு ஓரங்களில் கிழிசல், டேப், காணாமல் போன துண்டு இருக்கிறதா பாருங்கள். பக்க எண்களைப் புரட்டிச் சரிபாருங்கள், முதுகை முகர்ந்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, வரைபடத்தில் உங்கள் ஹட்டியின் பெயரும் இருந்துவிட்டால், பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.