கோதுமை வண்டியை மறித்தவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்காவின் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையிலிருந்து பிரிந்துபோன மோரிசைட்டுகளைப் பற்றி நாடகம் எழுதுகிறேன். அவர்களின் தலைவர் ஜோசப் மோரிஸ் பித்தரா, மோசடிக்காரரா? 1862இல் யூட்டாவில் பெரிய சபை இந்த ஏழைகளைப் பீரங்கி வைத்து நசுக்கியதுதான் என் கதை. சரியாக வருமா?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பித்தரா, மோசடிக்காரரா என்பதை விடுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஏழை. தனக்கு இறைவாக்கு வருகிறது என்று மோர்மன் சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அவர் பொருட்படுத்தவில்லை. 1861 ஏப்ரலில் தனிச் சபை தொடங்கினார். அவ்வளவுதான்.

சின்னக் கூட்டம் என்றாலே அப்பாவிகள் என்று உங்களுக்கு யார் சொன்னது? வீபர் ஆற்றங்கரையில் கிங்டன் கோட்டையில் கூடியவர்கள் சொத்தையெல்லாம் பொதுவில் போட்டார்கள். கிறிஸ்து வருவதாகக் குறித்த நாட்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. வெறுத்துப்போன சிலர் வெளியேறினார்கள், போட்டதைத் திருப்பிக் கேட்டார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. அப்படி வெளியேறிய வில்லியம் ஜோன்ஸும் உடனிருந்தவர்களும் கோட்டையிலிருந்து மாவு ஆலைக்குப் போன கோதுமை வண்டியை மறித்தார்கள். கோட்டைக்காரர்கள் அவர்களைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். விடுவிக்கச் சொன்ன நீதிமன்ற ஆணையையும் மதிக்கவில்லை. அரசு அதிகாரி ராபர்ட் பர்ட்டன் படையோடு வந்தது இதற்காக.

படை செய்தது கொடுமைதான். ஜூன் 13இல் முதல் பீரங்கிக் குண்டு, கூடியிருந்த ஜனங்கள் நடுவே விழுந்து இரண்டு பெண்களைக் கொன்றது, ஒரு சிறுமியின் தாடையைப் பெயர்த்தது. மூன்றாம் நாள் சரணடைந்த பிறகு மோரிஸையும் சுட்டுக் கொன்றார்கள். இதைப் படித்துவிட்டு நீங்கள் கலங்கியது கடிதத்தில் தெரிகிறது. அந்த மனசு கெடாமல் இருக்கட்டும்.

ஆனால் உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு உங்களிடம் ஒரு வரிகூட இல்லையே! அவர்களும் ஏழைகள்தானே? எந்தச் சபையானாலும், கட்சியானாலும், வெளியே போகிறவனுக்கு அவன் மாட்டை அவிழ்த்துக் கொடுக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். தலைவரின் மனநிலையை ஆராய்வதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஜோன்ஸை மேடையேற்றுங்கள். முடிவு வேண்டுமென்றால் வில்லியம் டேவிஸ் இருக்கிறார். மோரிஸின் சீடர். 1867இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பகுதியிலுள்ள வாலா வாலா ஊர் அருகே இன்னொரு கூட்டத்தைச் சேர்த்தார், மறுவருடம் பிறந்த தன் மகனையே கிறிஸ்து என்றார். அங்கேயும் எல்லாம் பொதுச் சொத்து. 1880இல் அந்தப் பையனும் தம்பியும் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தார்கள். அங்கேயும் சீடர்கள் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள்.