அம்மப்பாவின் கதையும் மகனின் கணக்கும்

கேள்வி: என் மகன் தரம் 10. கணிதத்தில் எப்போதும் எண்பதுக்கு மேல்தான் எடுப்பான். போன விடுமுறையில் அவனுடைய அம்மப்பா பரீட்சை எழுதிய மொழியைப் பார்த்துப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வைத்த 1970களின் தரப்படுத்தல் காலத்துக் கதையைச் சொன்னார், நல்ல புள்ளி இருந்தும் தனக்கு எஞ்ஜினியரிங் கிடைக்காமல் போனதை. அன்றிலிருந்து "தமிழன் இங்க எவ்வளவு கணக்குப் படிச்சாலும் கடைசியில வெட்டித்தான் விடுவாங்கள், நான் கொமர்ஸ் எடுக்கப்போறன்" என்கிறான். இந்தக் கதைகளையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதுதான் நல்லதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள், அதுவும் அரைகுறையாக. உங்கள் வீட்டில் அம்மப்பா கதையைத் தொடங்கியிருக்கிறார், முடிக்கவில்லை. அவ்வளவுதான் பிரச்சினை.

முதலில், அவர் சொன்னது பொய்யில்லை என்று மகனிடம் ஒத்துக்கொள்ளுங்கள். 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ் மொழிமூலம் எழுதியவர் 400க்கு 250 எடுக்கவேண்டும், சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு 229 போதும். பொறியியலுக்கு 250, 227. இதைக் கேட்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கோபம் வராவிட்டால்தான் நான் யோசிப்பேன். ஆனால் 1974-ல் வந்தது வேறு ஒரு விதி, மாவட்ட ஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் அதன் சனத்தொகைக்கேற்ப இடம். விஞ்ஞானத் துறைகளுக்குப் போனவர்களில் வட மாகாணத்தின் பங்கு 1969-ல் 27.5 வீதம், 1974-ல் 7. அதே ஐந்து வருடத்தில் மேல் மாகாணத்தின் பங்கும் 67.5 வீதத்திலிருந்து 27க்கு விழுந்தது, அதில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் இந்தக் கொழும்புப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள். இந்த இரண்டாவது பாதியை எங்கள் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. நானும் பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இப்போது என்ன விதி? விஞ்ஞானத் துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உங்கள் மகன் கொழும்பிலிருந்து எழுதினால் வெட்டுப்புள்ளி உயரமாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கும் அதே வெட்டுப்புள்ளிதான். (எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குள் போன பிறகும், வேலைக்குப் போன பிறகும் நடப்பவை வேறு கதை.)

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள், அவனையே கணக்குப் போடவிடுங்கள். 2001-லிருந்து அனுமதிக்குப் பாவிக்கும் இசட் புள்ளி ஒன்றும் மந்திரமில்லை: எடுத்த புள்ளியிலிருந்து இடையை (எல்லாரும் எடுத்ததன் சராசரி) கழித்து நியம விலகலால் (புள்ளிகள் அந்தச் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) பிரிப்பது. ஒரு பாடத்தில் 70 எடுத்தான், இடை 60, நியம விலகல் 10 என்றால் இசட் 1. இன்னொன்றில் 60தான் எடுத்தான், ஆனால் இடை 40, நியம விலகல் 10, அப்போது இசட் 2. என்னிடம் வந்த ஒரு பையன் இதை டியூட்டின் பின்பக்கத்தில் போட்டுப்பார்த்துவிட்டு "அப்ப அறுபதுதான் பெரிசா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு இது யாருக்கு நியாயம், தோட்டமும் டவுனும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தால் ஒதுக்கீடு யாருக்குப் போகும் என்று அரை மணித்தியாலம் வாதாடினான். அன்றைக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த பாடத்தை நான் தொடவேயில்லை, பரவாயில்லை.

பிரேசிலில் பவுலோ ஃபிரெய்ரே என்று ஒருவர் 1960களில் கூலித் தொழிலாளர்களுக்கு எழுத்தறிவு கொடுக்கும்போது செய்ததும் இந்த மாதிரித்தான், செங்கல் போல அவர்கள் தினமும் தொடும் சொற்களிலிருந்து எழுத்தைத் தொடங்கி, அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே தங்கள் வாழ்க்கை ஏன் இப்படி இருக்கிறது என்று பேசவைத்தார். விமர்சன விழிப்பு என்று இப்போது சொல்வது அங்கிருந்து வந்ததுதான். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை மூன்றாகப் பார்க்கிறார்கள்: அநீதியைப் புரிந்துகொள்வது, என்னால் ஏதும் செய்யமுடியும் என்று நம்புவது, ஏதாவது செய்வது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் எல்லாம் ஒரே பக்கம் போகவில்லை, சிலருக்கு அது படிப்பில் உந்துதலாக இருக்கிறது, சிலருக்குப் பாரமாக இருக்கிறது. உங்கள் மகனிடம் இப்போது முதலாவது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பாதி.

கொமர்ஸ் அவனுக்குப் பிடித்தால் எடுக்கட்டும், அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் 1971-க்குப் பயந்து எடுக்கவேண்டாம். அம்மப்பாவைத் திட்டவும் வேண்டாம்! அவரிடம் இன்னொரு தடவை உட்காரச் சொல்லுங்கள், இந்தத் தடவை கொப்பியோடு.

கேள்வி: எங்கள் சொந்த ஊர் ஹட்டன் பக்கம், அப்பா கொழும்பில் கடையில் வேலை. உயர்தரத்துக்கு மேத்ஸ் எடுத்திருக்கிறேன். டியூஷனில் ஒரு பிள்ளை "தோட்டத்தாக்களுக்கு இணைந்த கணிதமா" என்று கேட்டுச் சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள்தான். இப்போது கேள்வி கேட்கவே கை தூக்க வருகுதில்லை.
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, முதல் கேள்விக்கு அவ்வளவு நீளமாக எழுதிவிட்டு இதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. 250, 229 என்று ஐம்பது வருடமாக ஒப்பிக்கும் எங்களுக்கு, 1948-ல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் இருந்த உங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது அந்த அளவுக்கு ஞாபகம் வருவதில்லை. பிரஜாவுரிமையே இல்லாத ஒருவரின் பிள்ளை வெட்டுப்புள்ளியைப் பற்றிக் கவலைப்படும் இடத்துக்கு வரவே எத்தனை வருடம் எடுத்தது என்று அந்தச் சிரித்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ரொபர்ட் செல்லர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1998-ல் கறுப்பின மக்களின் அடையாளத்தைப் பற்றி எழுதும்போது ஒரு வேறுபாட்டைச் சொன்னார்கள்: என் ஆட்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது ஒன்று, ஊர் என்ன நினைக்கிறது என்று நான் நினைப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கவேண்டும் என்றில்லை. உனக்கு அந்த வகுப்பில் இரண்டாவது இறங்கியிருக்கிறது. முதலாவதை அவர்களிடம் கொடுத்துவிடாதே.

"எங்கள் ஆட்களுக்கு இது வராது" என்ற பேச்சு பரீட்சையிலேயே புள்ளியைக் குறைக்கும் என்று 1995-ல் கிளோட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் காட்டியது பெரிய பெயர் பெற்றது, ஆனால் பிறகு பெரிய அளவில் செய்துபார்த்த சிலருக்கு அது அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அதனால் அதை வைத்து உன்னைப் பயப்படுத்த மாட்டேன். எனக்குப் பெரிதாகப் படுவது கை தூக்காமல் விட்ட கேள்விதான். வகையீட்டில் இன்று கேட்காமல் விட்டது தொகையீட்டில் வந்து நிற்கும். வகுப்பு முடிந்ததும் சேரிடம் தனியாகப் போய்க் கேள். அடுத்த கிழமை முன் வரிசையில் இரு, பின்னால் சிரிப்பவர்களின் முகம் தெரியாது.

கேள்வி: தரம் 6 பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். எதிரெண் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். உங்கள் விழிப்பு, அடையாளம் எல்லாம் சரி, எனக்குச் சிலபஸ் முடிக்கவேண்டும்.
– ஆசிரியை, தெஹிவளை

பதில்: டீச்சர், நியாயம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரை வாக்காளராகப் பதியவைக்க அடிவாங்கிய பொப் மோசஸ், 1982-ல் அட்சரகணிதம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பினார். வாக்குரிமை போல இதுவும் ஒரு உரிமை என்பது அவர் எண்ணம். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றி எதிரெண் படிப்பித்தார்.

எங்களுக்குக் கரையோர ரயில் இருக்கிறது. வெள்ளவத்தையைப் பூச்சியமாக வைத்துப் பாருங்கள்: பம்பலப்பிட்டி 1, கொள்ளுப்பிட்டி 2, மற்றப் பக்கம் தெஹிவளை கழித்தல் 1, கல்கிசை கழித்தல் 2. கொள்ளுப்பிட்டியில் இருந்து கல்கிசைக்கு எத்தனை ஸ்டேஷன் என்று கேட்டால் விரல்விட்டு நான்கு என்பார்கள், பிறகு அதையே கழித்தலாக எழுதச் சொல்லுங்கள். நான் செய்தபோது ஒரு பெண் பிள்ளை எழும்பி, "டீச்சர், நாங்க இருக்கிறது தெஹிவளையில, ஏன் எங்களுக்குக் கழித்தல்?" என்றாள். சரி, தெஹிவளையைப் பூச்சியமாக்கு என்றேன். அழித்துவிட்டு முழுக்கோட்டையும் திரும்ப எழுதினார்கள், நாற்பது நிமிடப் பாடத்தில் பன்னிரண்டு நிமிடம் போனது.