சுழியோடும் சிலிண்டரில் என்ன வாயு? அன்றே நுவரெலியாவுக்குத் திரும்பலாமா?

திருகோணமலையில் சுழியோடிவிட்டு அன்று மாலையே நுவரெலியாவுக்கு வேனில் திரும்பலாமா, சிலிண்டரில் இருப்பது சுத்த ஒட்சிசன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுத்த ஒட்சிசன் இல்லை. பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் அதே காற்றுத்தான்: வடிகட்டி, ஈரம் நீக்கி, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. ஒட்சிசன் 21 சதவீதம், மீதி ஏறக்குறைய முழுவதும் நைதரசன். தனி ஒட்சிசனை 6 மீற்றருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். நீருக்குள் அது உயிரையே எடுத்துவிடும்.

உங்கள் பயணத்துக்குச் சிக்கல் நைதரசன்தான். ஆழத்தின் அழுத்தத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும், மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்தால், சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தது மாதிரி உடலுக்குள் குமிழிகள் உண்டாகும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விமானத்தில் ஏறுவதும் அந்த மலைக்கு ஏறுவதும் உடலுக்கு ஒன்றுதான்.

விமானப் பயணத்துக்குச் சொல்லப்படும் இடைவெளி, ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. நான் 24 என்றே சொல்வேன். ஒட்சிசனைக் கூட்டிய காற்றான நைட்ரொக்ஸ் கலவையில் நைதரசன் குறைவு, ஆனாலும் இந்தக் காத்திருப்பு வேண்டும். தயவுசெய்து கடைசி நாளில் கோணேஸ்வரம், நிலாவெளி என்று கரையிலேயே சுற்றிவிட்டு, அப்புறம் வண்டி ஏறுங்கள்.